பிள்ளையின் லேப்டாப் கொதிக்கிறதா?



சித்திரை பிறந்துவிட்டால் வடகம், வற்றல், மாவடு என்று எழுதுவதுதான் இந்தப் பகுதியின் வழக்கம். இந்த முறை லேப்டாப்பைப் பற்றி எழுதப் போகிறேன். "அது பசங்க சமாச்சாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மாதாமாதம் தவணை கட்டுவதற்கு வீட்டுச் செலவில் பிடிக்கிறவர்கள் நாம்தானே? சூட்டில் அது கெட்டுப் போனால், இன்னொரு தவணைக்கு எங்கே போவது என்று விழிப்பதும் நாம்தான்.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் லேப்டாப்புக்கும் பழைய உறவு உண்டு. மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கும் திட்டத்தை அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைத்தது திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான். அதே நாளில் அதே இடத்தில்தான் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. ஒரே மேடையில் பிறந்த இந்த மிக்சிக்கும் லேப்டாப்புக்கும் குணமும் ஒன்றுதான் என்பேன். இரண்டுக்கும் உள்ளே சூடு தங்கக் கூடாது. இரண்டுக்கும் மூச்சு விட வழி வேண்டும்.

அந்தக் காலத்தில் கொடுத்தது பாடம் படிக்கிற லேப்டாப். அதில் இத்தனை சூடு கிடையாது. இப்போது பிள்ளைகள் கேட்பது 'கேமிங் லேப்டாப்'. படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வைத்தது. என் மூத்தவன் மெக்கானிக்கல் படிக்கிறான். இயந்திரப் படங்களை வரைகிற சாஃப்ட்வேருக்கு அந்தக் கார்டு அவசியம் என்று சொல்லி 78,000 ரூபாய்க்குத் தவணையில் வாங்கினோம். பாதி படிப்புக்கு, பாதி விளையாட்டுக்கு என்று வாங்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வாங்கினேன். சாயங்காலம் வெளியே சுற்றாமல் வீட்டில் இருக்கிறானே என்பது ஒரு நிம்மதி.

சரி, அந்தக் கார்டு ஏன் சுடுகிறது? இதை ஒரு தரம் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். லேப்டாப் திரையில் தெரியும் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. சாதாரணத் திரையிலேயே குறுக்கில் 1,920, நெடுக்கில் 1,080; பெருக்கிப் பார்த்தால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். விளையாட்டில் கார் ஓடுகிறது, மழை பெய்கிறது, நிழல் நகர்கிறது. ஒரு விநாடிக்கு 60 தடவை அத்தனை புள்ளிக்கும் நிறத்தைக் கணக்குப் போட்டுப் போட வேண்டும். 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள், ஒரே விநாடியில்! இந்த வேலையைச் செய்கிற சில்லு ஒரு பெரிய தபால் தலை அளவுதான் இருக்கும். அது குடிக்கிற கரண்டு 80, 100 வாட், சிலதில் அதற்கும் மேல். குடித்த கரண்டு அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். பழைய 100 வாட் குண்டு பல்பை ஒரு டிபன் டப்பாவுக்குள் எரியவிட்டு மூடியது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சந்தேகம் இருந்தால் அதன் சார்ஜரைக் கையில் தூக்கிப் பாருங்கள். செங்கல் மாதிரி இருக்கும். என் பையனுடையதில் 180 வாட் என்று அச்சடித்திருக்கிறது. இரண்டு சீலிங் ஃபேனுக்குப் போதுமான கரண்டு அது.

இந்தச் சூட்டை வெளியே தள்ள உள்ளே ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். சில்லின் மேல் ஒரு பசை, அதை ஒட்டி ஒரு செப்புக் குழாய். குழாய்க்குள் துளி நீர்மம் இருக்கும். சில்லுப் பக்கம் அது ஆவியாகும், அந்த ஆவி குழாயின் மறுகோடிக்கு ஓடி அங்கே குளிர்ந்து மறுபடி நீர்மமாகும். இட்லிப் பானையில் ஆவி மேலே போய் மூடியில் பட்டு முத்து முத்தாக நிற்கிறதே, அதே கதைதான். மறுகோடியில் மெல்லிய தகடுகள் வரிசையாக, சீப்பு மாதிரி அடுக்கியிருக்கும். சின்ன விசிறி அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுத்து அந்தத் தகடுகளின் இடுக்கு வழியாக வெளியே ஊதும். அடியில் இழுப்பு, பக்கத்திலோ பின்னாலோ ஊத்து. இந்த இரண்டு வழியும் அடைபடாமல் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

நம் வீடுகளில் அது அடைபடுகிற முதல் இடம் மெத்தை. பிள்ளைகளுக்குக் குப்புறப் படுத்துக்கொண்டு விளையாடினால்தான் சுகம். இலவம்பஞ்சு மெத்தையில் லேப்டாப் அரை அங்குலம் அமுங்கும். அடிவாய் முழுக்க மூடிக்கொள்ளும்.

"ஏன்டா, மிக்சியை மெத்தை மேல வெச்சு அரைப்பேனா நான்?" என்று கேட்டேன்.

"மிக்சியும் இதுவும் ஒண்ணாம்மா?"

"காத்து போற வழி ரெண்டுக்கும் அடியிலதான்டா இருக்கு. தூக்கிப் பாரு."

தூக்கிப் பார்த்தான். பேசாமல் இருந்தான். ஆனாலும் வாயால் சொல்வதை வயது வந்த பிள்ளைகள் எத்தனை நாள் கேட்கும்? எண்ணில் காட்டினால்தான் ஒத்துக்கொள்ளும். அதற்கு வழி லேப்டாப்பிலேயே இருக்கிறது. விண்டோஸ் போட்ட லேப்டாப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பக்கத்தில் 'ஜி.பி.யு.' என்று இருப்பதுதான் கிராஃபிக்ஸ் கார்டு. அதன் பெயரோடு எத்தனை டிகிரி என்பதும் தெரியும். சும்மா இருக்கும்போது 40, 50 டிகிரி இருக்கலாம். விளையாடும்போது 70 முதல் 80 வரை போனால் பயப்பட ஒன்றுமில்லை. அது தாங்கும்படி செய்த பொருள்தான். இப்போது வருகிற என்விடியா கார்டுகள் பெரும்பாலானவற்றில் 87 டிகிரி சுமாருக்கு வந்ததும் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மிக்சியில் கெட்டியாக உளுந்தைப் போட்டு விடாமல் ஓட்டினால் 'டப்' என்று நின்று, அடியிலிருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடுமே, அந்த மாதிரி ஒரு காவல். மிக்சி நின்றே போகும், இது தயங்கித் தயங்கி ஓடும். அதுதான் வித்தியாசம்.

பிள்ளைகள் இந்தத் தயக்கத்தை 'லேக்' என்பார்கள். நெட் சரியில்லை, வேறு கனெக்‌ஷன் போட வேண்டும் என்று நச்சரிப்பார்கள். மாதம் 300 ரூபாய் கூடுதலாகக் கட்டுவதற்கு முன்னால் அந்த டிகிரி எண்ணை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிடுங்கள்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமோ? பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தோம். எங்கள் வீட்டில் அவன் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. மத்தியானம் 3 மணி, ஜி.டி.ஏ. 5 என்ற கார் விளையாட்டு. மெத்தை மேல்: 10 நிமிஷத்தில் 88 டிகிரி, படம் திக்கித் திக்கி வந்தது. மர மேஜை மேல்: 84. அடுத்து, தேய்ந்து போன ரப்பர் செருப்பின் அடியை இரண்டு துண்டாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி, லேப்டாப்பின் பின்பக்கம் இரண்டு மூலைக்கும் முட்டுக் கொடுத்தேன். பின்பக்கம் ஒரு அங்குலம் உயர்ந்தது: 80. செலவு ஒரு பைசா இல்லை. ரப்பர் என்பதால் வழுக்கவும் வழுக்காது. காற்று இழுக்கிற ஓட்டையை மட்டும் ரப்பர் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேஜைக்கு இடமில்லாத வீடுகளில் சப்பாத்தி தேய்க்கிற பெரிய பலகையோ, உட்காருகிற மணையோ போதும். மெத்தை மேலேயே அந்தப் பலகையைப் போட்டு விளையாடட்டும். தரையில் பாய் விரித்து அதன் மேல் பலகை வைத்தாலும் சரிதான்.

அடுத்தது ஒரு பொத்தான் வேலை. இதுதான் எனக்கே ரொம்பவும் ஆச்சரியமாக இருந்தது. விநாடிக்கு 60 படம் என்று சொன்னேன் அல்லவா? கட்டுப்பாடு ஒன்றும் வைக்காவிட்டால் கார்டு தன் பலம் முழுவதையும் காட்டி 100, 120 படம் என்று வரைந்துகொண்டே போகும். திரை 60 தான் காட்டும் என்றால் மீதி அத்தனையும் வீண். குழம்பு கொதித்த பிறகும் அடுப்பைப் பெரிதாகவே எரியவிடுகிற மாதிரி. கொதித்ததும் நாம் சிம்மில் வைக்கிறோமே, அதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். பெரும்பாலான விளையாட்டுகளின் செட்டிங்கில் 'ஃப்ரேம் ரேட் லிமிட்' என்றோ 'வி-சிங்க்' என்றோ ஒரு இடம் இருக்கும். அதில் 60 என்று வைத்துவிடலாம். விளையாட்டில் இல்லாவிட்டாலும் என்விடியா கண்ட்ரோல் பேனலிலேயே 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்' என்ற வசதியை 2020 ஜனவரியில் இருந்து கொடுத்திருக்கிறார்கள். நிழல், தண்ணீர்ப் பளபளப்பு இவற்றை 'அல்ட்ரா'விலிருந்து 'மீடிய'த்துக்கு இறக்கினால் இன்னும் குறையும். என் கண்ணுக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பையன் தெரிகிறது என்கிறான். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

60 வைத்த அன்று அதே மத்தியானம் 3 மணிக்கு எண் 73. பால் நோட்டில் அந்த வரியின் கீழே அவனே சிவப்பு மையில் கோடு போட்டான்.

திரையே 144 காட்டுகிற லேப்டாப் என்றால் பிள்ளைகள் 60க்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 90ல் சமாதானமாகப் போய்விடுங்கள். கார்டுக்குக் கொடுக்கிற வோல்டேஜையே கொஞ்சம் குறைக்கிற ஒரு வழியும் இருக்கிறது, 'அண்டர்வோல்ட்' என்பார்கள், அதற்கு எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச சாஃப்ட்வேரைப் பிள்ளைகள் உபயோகிக்கிறார்கள். அளவுக்கு மேல் குறைத்தால் விளையாட்டு நின்று போகும், பழையபடி மாற்றிக்கொள்ளலாம். அது தெரிந்த பிள்ளை செய்யட்டும். நாம் கை வைக்க வேண்டாம்.

வெயிலுக்கு வருவோம். கோடையில் செய்தியில் 'அதிக வெப்பம் பதிவான ஊர்கள்' என்று வாசிக்கும்போது எங்கள் மாவட்டத்துத் திருத்தணி பெயர் அடிக்கடி வரும். பெரும்பாலான லேப்டாப்களோடு வருகிற குறிப்புப் புத்தகத்தில், சுற்றியுள்ள காற்று 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில் 35க்கு எங்கே போவது? அறைக் காற்று 10 டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறக்குறைய அத்தனை கூடும். விசிறி ஊதுவது அறையில் இருக்கிற காற்றைத்தானே? எங்கள் நோட்டிலும் அதே செட்டிங்கில் ராத்திரி 9 மணிக்கு, ஜன்னல் திறந்திருக்கும்போது, 73 என்பது 68 ஆனது. அதனால் சித்திரை, வைகாசியில் மத்தியானம் 12 முதல் 4 வரை பெரிய விளையாட்டுக்கு விடுமுறை என்று வைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் அவன் பாட்டுக் கேட்கட்டும், படிக்கட்டும், தூங்கவாவது தூங்கட்டும்.

சூட்டைத் தணிக்க எதிர் வீட்டு அக்கா ஈரத் துணியை மடித்து லேப்டாப்புக்கு அடியில் வைத்தார்களாம். இன்னொரு வீட்டில் ஐஸ் தட்டு. இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பின் வெளியே வேர்த்துக் கொட்டுகிற மாதிரி உள்ளேயும் ஈரம் கோக்கும். தண்ணீர் ஊற்றுகிற ஏர் கூலரையும் நேராக அதன் முகத்துக்குத் திருப்பாதீர்கள். கடையில் விசிறி வைத்த 'கூலிங் பேட்' 1,000, 1,500 ரூபாய்க்கு விற்கிறார்கள். சில டிகிரி குறையும். அதுவும் பேடின் விசிறி லேப்டாப்பின் ஓட்டைக்கு நேராக அமைந்தால்தான். முதலில் செருப்புத் துண்டைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு யோசியுங்கள்.

இனி தூசி. கும்மிடிப்பூண்டியில் இருக்கிற நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கம் கல்கத்தா நெடுஞ்சாலையில் லாரி, ஒரு பக்கம் சிப்காட்டின் இரும்பு ஆலைகள். காலையில் துடைத்த டி.வி. மேல் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசியும், தலைமுடியும், மெத்தைப் பஞ்சும், தாளிக்கிற எண்ணெய்ப் புகையும், ஊதுவத்திப் புகையும் சேர்ந்தால் என்ன ஆகும்? லேப்டாப் விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு கம்பளித் துண்டு மாதிரி படிந்துவிடும்.

போன ஐப்பசியில் மழையாக இருந்தது, வெயிலே இல்லை. ஆனாலும் பால் நோட்டில் எண் மறுபடி 86. மேஜை, செருப்புத் துண்டு, 60 எல்லாம் அப்படியே இருக்கிறது. பிறகு விளையாடாமல் இருக்கும்போதே இரண்டு தரம் அணைந்து போனது. அந்த வாரம்தான் அவனுக்குக் கல்லூரியில் டிராயிங் ஒப்படைக்க வேண்டிய வாரம். கடையில் காட்டினோம். "போர்டு போயிடுச்சு, மாத்தணும், 22,000 ஆகும்" என்றார்கள். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு அந்த மாதம் ஓவர்டைமும் இல்லை. தவணை இன்னும் ஏழு பாக்கி. என் வளையல்தான் நினைவுக்கு வந்தது.

ராத்திரி படுத்துக்கொண்டு அந்த நோட்டையே புரட்டினேன். போர்டு போனது என்றால் ஒரே நாளில் அல்லவா போயிருக்க வேண்டும்? எண் மாதத்துக்கு இரண்டு, மூன்று என்று ஏறியிருக்கிறதே? கொஞ்சம் கொஞ்சமாக அடைகிற சாக்கடை மாதிரி. மறுநாள் காலை முதல் ரயிலில் அவனும் நானும் சென்னைக்குப் போனோம், ரிச்சி தெருவுக்கு. ஒரு சின்ன மாடிக் கடையில் வயசான மெக்கானிக். நோட்டைக் காட்டினேன். சிரிக்கவில்லை அவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பிறகு எங்கள் எதிரிலேயே திறந்தார். விசிறியைக் கழற்றினால், சாம்பல் நிறத்தில் விரற்கடை அகலத்துக்கு ஒரு பட்டை. ஊக்கால் இழுத்தார், முழுசாக உரிந்து வந்தது. சில்லின் மேல் இருந்த பசையும் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி பொடிந்திருந்தது. புதுப் பசை வைத்து மூடிக் கொடுத்தார். 900 ரூபாய். சாயங்காலம் வீட்டில் பார்த்தால் 70. டிராயிங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அதனால் சொல்கிறேன். எண் மெல்ல மெல்ல ஏறினால் தூசியோ பசையோதான் முதல் சந்தேகம். போர்டு மாற்றச் சொன்னால், "திறந்து சுத்தம் பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசா பணமா? வாரண்டி இருக்கிற லேப்டாப் என்றால் வெளியாளிடம் திறக்கக் கொடுப்பதற்கு முன்னால் கம்பெனியைக் கேட்டுவிடுவது நல்லது. வீட்டில் நாம் செய்யக்கூடியது இவ்வளவுதான்: சுவிட்சை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, ஆறிய பிறகு, மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் ஓட்டைகளைத் துடைப்பது. காற்று ஊதுகிற பம்ப் இருந்தால் விட்டு விட்டு ஊதலாம். அப்போது விசிறி சுற்றாமல் ஒரு பல்குத்துகிற குச்சியால் தடுத்துக்கொள்ளுங்கள். ஈரத் துணி கூடாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், அதுவும் கூடாது. எங்கள் பக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் இந்த வேலை அவசியம். இன்னொன்று, ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் சட்டையை உதறுகிற இடம் லேப்டாப் இருக்கிற அறையாக இருக்க வேண்டாம். இரும்புத் தூள் கரண்டைக் கடத்தும். சாதாரணத் தூசியைவிட அது பொல்லாதது.

சூடாவதும் ஆறுவதும் மாறி மாறி நடந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கம்பெனியிலிருந்தே ஒரு உதாரணம் இருக்கிறது. 2008 ஜூலையில் என்விடியா கம்பெனி, தன்னுடைய லேப்டாப் சில்லுகள் சிலவற்றில் உபயோகித்த பொருள் பலவீனமாக இருந்ததால் அவை கெட்டுப் போவதாகச் சொல்லி, பழுது பார்க்கும் செலவுக்கு 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, அடியில் இருந்த நுண்ணிய பற்றவைப்புகள் விரிசல் கண்டன. இன்றைய சில்லுகள் அதைவிட எவ்வளவோ தேவலை. இருந்தாலும் விளையாடி முடித்த கையோடு படக்கென்று மூடிப் பைக்குள் திணிக்கிற பழக்கத்தை மாற்றுங்கள். விசிறிச் சத்தம் அடங்கட்டும், இரண்டு மூன்று நிமிஷம்தான்.

இளம் தாய்மார்களுக்கு இனிச் சொல்வதுதான் முக்கியம். லேப்டாப் என்ற பெயரில் மடி இருக்கிறதே தவிர, விளையாடும்போது அதை மடியில் வைக்கக் கூடாது. சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்து ஆஸ்பத்திரித் தோல் டாக்டர்கள் 2010ல் ஒரு பையனைப் பற்றி எழுதினார்கள். 12 வயது. பல மாதங்களாக, தினம் சில மணி நேரம் லேப்டாப்பைத் தொடை மேல் வைத்து விளையாடியிருக்கிறான். இடது பக்கம் சுடுவது அவனுக்கே தெரிந்திருக்கிறது, நகர்த்தவில்லை. இடது தொடையில் வலை பின்னியது போலப் பழுப்பு நிறத் தழும்பு விழுந்துவிட்டது. கொப்புளம் வந்தால் நாம் பதறிப் போய்ப் பார்ப்போம். இது கொப்புளம் போடாத மிதமான சூடு, நாள் கணக்கில் பட்டுப் பட்டு வருவது. கணப்பு அடுப்பின் அருகே உட்காருகிறவர்களுக்கும், காஷ்மீரத்தில் குளிருக்கு அங்கிக்குள் காங்கிரி என்ற நெருப்புச் சட்டியை வைத்துக்கொள்கிறவர்களுக்கும் வருகிற அதே தழும்புதான். காங்கிரிச் சூட்டில் வருஷக் கணக்கில் இருந்தவர்களுக்கு அந்த இடத்தில் தோல் புற்றுநோய் வந்திருப்பதையும் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். லேப்டாப்பில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் பிள்ளையின் தொடையில் வலை மாதிரி கறுத்திருந்தால் சொறி, தேமல் என்று களிம்பு தடவிக்கொண்டிராமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே சூட்டை நிறுத்தினால் நிறம் மெல்ல மங்கும்.

ஆண் பிள்ளைகளைப் பெற்ற நாம் கூச்சப்படாமல் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஷெய்ன்கின் என்பவர் 29 வாலிபர்களை ஒரு மணி நேரம் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார வைத்துப் பார்த்தார். விதைப்பை இரண்டரை டிகிரிக்கு மேல் சூடேறியிருந்தது. 2005ல் வெளியான ஆராய்ச்சி இது. விந்து உற்பத்திக்குக் குளிர்ச்சி வேண்டும் என்பதால்தான் இயற்கை அதை உடம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. அதனால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்று அந்த ஆராய்ச்சி சொல்லவில்லை. பையனைப் பயமுறுத்த வேண்டாம், மடியில் வைக்காதே என்று அவன் அப்பாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் லேப்டாப்பின் பக்கத்து ஓட்டையிலிருந்து வருகிற காற்றே சுரீரென்று இருக்கும். அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி, சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள். சார்ஜர் செங்கல்லைப் போர்வைக்கடியிலும் தலையணைக்கடியிலும் போட விடாதீர்கள். அதுவும் கையில் பிடிக்க முடியாத அளவு சுடும்.

கடைசியாக பேட்டரி. சூட்டில் முதலில் மூப்படைவது அதுதான். மேஜை மேல் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா, விரலால் தேய்க்கிற இடம் மேலெழும்பியிருக்கிறதா, மூடி சரியாக மூடவில்லையா? பேட்டரி உப்பியிருக்கலாம். அன்றே உபயோகிப்பதை நிறுத்துங்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்கவே பார்க்காதீர்கள். 2006 ஆகஸ்டில் டெல் கம்பெனி, சோனி தயாரித்த பேட்டரிகள் தீப்பிடிக்கக் கூடும் என்று 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. உலகப் பெயர் பெற்ற கம்பெனிகளுக்கே அந்த நிலை என்றால் உப்பிய பேட்டரியை நாம் கட்டிலடியில் வைத்துக்கொண்டு தூங்கலாமா?

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை வாட்?" ஆர்.டி.எக்ஸ். 4060 என்று ஒரே பெயரில் விற்கிற கார்டையே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எப்படி வேண்டுமானாலும் லேப்டாப் கம்பெனிகள் அமைத்துக்கொள்ளலாம். வாட் அதிகமானால் வேகமும் அதிகம், சூடும் அதிகம். அதை ஒல்லியான உடம்புக்குள் அடைத்திருந்தால் விசிறி அலறும். பார்க்க அழகாகக் காகிதம் மாதிரி இருப்பதைவிட, கொஞ்சம் தடிமனாக, பின்பக்கம் அகலமான ஓட்டை வைத்ததே நம் ஊர் வெயிலுக்குச் சரி. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மகளுக்கு வாங்கப் போன இடத்தில் அந்த அம்மா இதைக் கேட்டாராம். விற்பனைப் பையன் முதலில் மகளைப் பார்த்தான், பிறகு அப்பாவைப் பார்த்தான், கடைசியில் உள்ளே போய்ப் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து அவரிடமே பதில் சொன்னான்.